புதுப்பிப்பு தோற்றுப்போனால்: கிட் செய்முறைத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு

கணினி நிர்வாகப் படிப்பின் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த கேள்வி இது: கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவி) களஞ்சியத்திலிருந்து நிறுவிய மென்பொருள் புதுப்பிக்க மறுக்கிறது, புதுப்பித்தபின் ஒரு வசதி வேலை செய்யவில்லை. காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்து, விளக்கம் எழுதவும்.

இதற்குக் கட்டளைகளை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு போவது வீண் வேலை. புதிய நிரல் வந்து சேரவே இல்லையா, வந்து சேர்ந்தபின் கோளாறு செய்கிறதா என்பதை முதலில் பிரித்துவிட வேண்டும். மூலக் களஞ்சியத்தின் புதிய மாற்றங்களை, உங்கள் கோப்புகளைத் தொடாமல் எடுத்துவரும் 'கிட் ஃபெட்ச்' கொடுத்துவிட்டு 'கிட் ஸ்டேட்டஸ்' பாருங்கள். உங்கள் கிளை இத்தனை கமிட் (பதிவுசெய்த மாற்றம்) பின்தங்கியிருக்கிறது என்று வந்தால், புதிய நிரல் இன்னும் உங்கள் கோப்புகளில் வந்து சேரவில்லை. அந்த நிலையில் மென்பொருளின் பதிவுக் கோப்புகளைக் குடைந்து பயனில்லை.

ஏன் வரவில்லை என்பதைப் பெரும்பாலும் கிட்டே சொல்லிவிடும். உள்ளூர் மாற்றங்கள் அழிந்துவிடும் என்று அது மறுத்தால், அடுத்தது 'கிட் டிஃப்'. என் தேர்வில் டிஃப் காட்டியதில் ஒரு வரிகூட மாறவில்லை. பழைய அனுமதி 100644, புதியது 100755 என்று மட்டும் இருந்தது. யாரோ அந்தக் கோப்புக்கு இயக்கும் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். கிட்டுக்கு அதுவும் மாற்றம்தான். 'கிட் ரெஸ்டோர்' மூலம் அந்தக் கோப்பைப் பழைய நிலைக்குத் திருப்பியதும் புதுப்பிப்பு தடையின்றி இறங்கியது.

கிட் கண்காணிக்காத கோப்பு குறுக்கே நின்றாலும் மறுப்பு வரும். அப்போது, மாற்றங்களைத் தற்காலிகமாக ஓரத்தில் எடுத்துவைக்கும் 'ஸ்டாஷ்' மட்டும் உதவாது. அது அத்தகைய கோப்புகளைத் தொடாது, '-யூ' சேர்க்க வேண்டும். இன்டெக்ஸ் பூட்டுக் கோப்பு (ஒரு கிட் செயல் ஓடும்போது மற்றது குறுக்கிடாமல் தடுப்பது) கிடக்கிறது என்று செய்தி வந்தால், வேறு கிட் செயல் எதுவும் ஓடவில்லை என்று உறுதிசெய்தபின் அதை நீக்கலாம்.

எல்லாவற்றுக்கும் 'ரீசெட் ஹார்ட்' என்று சிலர் சர்வரோக நிவாரணி போலச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கமிட் செய்யாத மாற்றங்களை அது துடைத்துவிடும். கிளை முன்பு நின்ற கமிட்டுகளின் பட்டியலான 'ரெஃப்லாக்' அவற்றை மீட்டுத் தராது. தேர்வில் பார்த்தாலும், தடயத்தையே அழித்துவிட்டு விளக்கம் எதை வைத்து எழுதுவது?

புதிய நிரல் வந்தபிறகுதான் கோளாறு என்றால், கோளாறு புகுந்த கமிட்டைத் தேடித் தரும் 'கிட் பைசெக்ட்' பக்கம் போங்கள். நன்றாக இருந்த ஒரு கமிட்டையும் கெட்டுப்போன ஒரு கமிட்டையும் சொன்னால், நடுவில் உள்ளதை எடுத்துத் தரும். சோதித்து நல்லது, கெட்டது என்று பதில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு முறையும் பாதி கழிந்துவிடுவதால், 1000 கமிட் இருந்தாலும் ஏறத்தாழ 10 சோதனையில் குற்றவாளி சிக்கிவிடும். சோதனையை ஒரு ஸ்கிரிப்டாக எழுதிவிட்டால் 'பைசெக்ட் ரன்' அதைத் தானே ஓட்டும். ஸ்கிரிப்ட் 0 திருப்பினால் நல்லது, 1 திருப்பினால் கெட்டது. தொகுக்கவே (கம்பைல் செய்யவே) முடியாத கமிட்டுக்கு 125 திருப்புங்கள். கிட் அதைத் தாண்டிப் போகும். இந்த 125-ஐப் பலர் படிப்பதில்லை. அது இல்லாமல், தொகுப்புப் பிழையால் நின்ற கமிட்டின் மேல் பழி விழும்.

முடித்ததும் 'பைசெக்ட் ரீசெட்' கொடுங்கள். இல்லையென்றால் களஞ்சியம் நடுவழியில் ஏதோ ஒரு பழைய கமிட்டிலேயே நிற்கும். தேர்வைத் திருத்துபவர் இயக்கிப் பார்ப்பதும் அதைத்தான்.