யாருடைய ‘ழ’

மார்ச் 3, 2024, ஞாயிறு

அலமாரியை ஒழிக்கும்போது 15 வயதில் எழுதிய நோட்டு கிடைத்தது. முதல் சில பக்கங்களில் என் ‘ழ’ நிமிர்ந்து நிற்கிறது. பிறகு ஒரு பக்கத்தில் திடீரென்று சாய்ந்து, வால் கோட்டுக்குக் கீழே இறங்கி நீளமாக வளைகிறது. பக்கத்து இருக்கைத் தோழி எழுதும் ‘ழ’ அது. ஒரு பக்கம் முழுக்க அதையே எழுதிப் பழகியிருக்கிறேன். இன்றுவரை நான் எழுதுவதும் அதைத்தான். கடன் வாங்கியது என்பதே மறந்துபோயிருந்தது.

அதற்கு அடுத்த பக்கத்தில்: “நான் கட்டடப் பொறியாளர் ஆவேன். இதில் மாற்றமே இல்லை.” அடியில் இரண்டு கோடு. இதுவும் என்னுடையதா என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

மார்ச் 6, புதன்

தம்பிக்கு வயது 16. வருட ஆரம்பத்தில் ஓவியம் என்றான், அப்புறம் உயிரியல், இப்போது ஒலிப்பதிவு. இன்று அப்பா பொறுமை இழந்து, “உன் வயசுல அக்கா எவ்வளவு தெளிவா இருந்தா!” என்றார். பத்து வருடமாக என்னைத் தாங்கிய பாராட்டு. இன்று அதைக் கேட்க முடியவில்லை.

ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-இல் 86 கல்லூரி மாணவர்களைப் பேட்டி கண்டு ஒரு கட்டுரை எழுதினார். அவர் பார்த்தது இரண்டே விஷயம்: பல வழிகளைத் தேடிப் பார்த்தாயா, ஒன்றை உறுதியாகப் பிடித்துக்கொண்டாயா? இதை வைத்து நான்கு நிலைகள் சொன்னார். தேடிவிட்டுப் பிடித்தவர்கள், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள், தேடவும் இல்லை பிடிக்கவும் இல்லை என்பவர்கள், தேடாமலே பிடித்துக்கொண்டவர்கள். கடைசி வகையினர் பெரும்பாலும் பெற்றோரின் விருப்பத்தைத் தங்கள் விருப்பமாகவே வரித்துக்கொண்டவர்கள். வெளியிலிருந்து பார்த்தால் இவர்களும் முதல் வகையினரைப் போலத்தான் தெரிவார்கள். இரண்டு பேரிடமும் உறுதி இருக்கும்.

இதைவிட நல்லது ஒன்று வந்தால் இதை விடுவாயா என்பதும் அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று. 15 வயதில் கேட்டிருந்தால் மாட்டவே மாட்டேன் என்று நிமிர்ந்து சொல்லியிருப்பேன். இன்னொன்றை நான் எட்டிப் பார்த்ததே இல்லை என்பது அப்போது உறைத்திருக்காது.

தம்பி தேடுகிறான். அதைக் குழப்பம் என்கிறோம்.

மார்ச் 9, சனி

மார்சியாவுக்கு முன்னோடி எரிக் எரிக்சன். நான் யார் என்ற தடுமாற்றத்தைக் குறிக்கும் ‘அடையாள நெருக்கடி’ என்ற சொல்லைப் பரவலாக்கியவர். 1902-இல் பிறந்த அவருக்குத் தன்னைப் பெற்ற தந்தை யாரென்று கடைசிவரை தெரியவில்லை. வளர்ப்புத் தந்தையின் பெயரான ஹோம்பர்கரோடு வளர்ந்தார். இளம் வயதில் ஓவியராக ஊர் ஊராகச் சுற்றினார். 1939-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோதுதான் எரிக்சன் என்று பெயர் வைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு 35 வயது தாண்டியிருந்தது. எனக்கு 25. இதைப் படித்ததும் அப்படி ஒரு ஆறுதல்.

ஜெஃப்ரி ஆர்னெட் என்ற உளவியலாளர் 2000-இல், 18 முதல் 25 வரையிலான வயதைத் தனிப் பருவமாகவே பார்க்க வேண்டும் என்று எழுதினார். ஆனால் 18 வயதில் குடும்ப பாரம் தோளில் ஏறிவிட்டவர்களுக்கு இந்தத் தேடலுக்கு நேரம் ஏது? எனக்கு நேரம் இருந்தது. நான்தான் பயன்படுத்தவில்லை.

மார்ச் 14, வியாழன்

இரவு விளக்கை அணைத்த பிறகு தம்பி கேட்டான். “அக்கா, நான் ஏன் எதுலயும் நிலைச்சு நிக்க மாட்டேங்கறேன்? எனக்கு ஏதாவது கோளாறா?”

அவன் குரல் நடுங்கியது. இத்தனை நாள் இது அவனை அரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

2011-இல் வெளியான ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னேன். 10 வயது முதல் 65 வரை, 12 லட்சம் பேருக்கு மேல் கலந்துகொண்டது. ஒழுங்கு, பொறுப்பு போன்ற குணங்கள் பிள்ளைப் பருவம் முடிந்து பதின்பருவத்தில் நுழையும்போது சராசரியாகச் சரிகின்றன, பிறகு மெல்ல ஏறி இருபதுகளிலும் ஏறிக்கொண்டே போகின்றன. சராசரிதான், ஆளுக்கு ஆள் மாறும் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். எழுந்து விளக்கைப் போட்டு நோட்டைக் காட்டினேன். இரண்டு ‘ழ’வையும் உற்றுப் பார்த்தான்.

“அப்போ இப்ப நீ எழுதறது உன் எழுத்து இல்லையா?”

என்னிடம் பதில் இல்லை.

மார்ச் 17, ஞாயிறு

காலையில் பழைய நிமிர்ந்த ‘ழ’வை எழுதிப் பார்த்தேன். கை போகவில்லை. பத்து வருடத்தில் என்னென்னவோ எழுதி எழுதி, சாய்ந்த ‘ழ’ என் கைக்கே சொந்தமாகிவிட்டது. தம்பிக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

வேலையும் அப்படி ஆகியிருக்கிறதா? வரைபடத்தில் ஒரு தூண் தாங்காது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும்போது எனக்குள் எழும் மகிழ்ச்சி அப்பா கொடுத்தது அல்ல. அது நிச்சயம். ஆனாலும் கல்லூரியில் என்னைக் கட்டிப்போட்ட பாடம் மண்ணியல். அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. மண் பரிசோதனைக் குழுவில் மூன்று மாதம் வேலை பார்க்க அலுவலகத்தில் அனுமதி கேட்டேன், கிடைத்துவிட்டது.

மதியம் அப்பாவிடம் சொன்னேன்.

“மூணு மாசமா? அப்புறம்?”

“தெரியலப்பா.”

இந்தப் பதிலை அவரிடம் நான் இதற்கு முன் சொன்ன நினைவில்லை. பக்கத்து அறையில் தம்பி ஹெட்போனைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.