அட்டையின் பின்பக்கம்

அம்மா லண்டன் வந்த இரண்டாவது வாரம் அவருக்குத் தலைவலி ஆரம்பித்தது. டிசம்பர் மாதம். மதுரை வெயிலில் இருந்தவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தோம். கிழக்கு லண்டனில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் முன்னறையில், புகைபோக்கிக்குக் கீழே ஒரு கேஸ் ஃபயர், அதாவது கேஸில் எரியும் கணப்பு, இருக்கிறது. அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். சாயங்காலமானால் தலைவலி, குமட்டல். சுக்குக் காபி போட்டுக் கொடுத்தோம். காய்ச்சல் மட்டும் வரவே இல்லை.

பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு அக்கா நர்ஸ். அம்மாவைப் பார்க்க வந்தவர், "நேத்து கோயிலுக்குப் போனப்ப எப்படி இருந்துச்சும்மா?" என்று கேட்டார்.

"வெளிய போனா நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்குள்ள வந்தா திரும்ப இடிக்குது."

அக்கா உடனே எழுந்துவிட்டார். "முதல்ல அந்த ஃபயரை அணைங்க தம்பி. ஜன்னலைத் திறந்துட்டு எல்லாரும் வெளிய வாங்க."

கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியும். அதற்காகவே நாற்றம் வரும் ஒரு பொருளை அதில் கலக்கிறார்கள். கேஸ் சரியாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜன் போக வேண்டிய இடத்தை ரத்தத்தில் அது பிடித்துக்கொள்ளும். அது காற்றில் கலந்தால் கத்தும் அலாரம் எங்கள் வீட்டிலும் இருந்தது. ஆனால் சமையலறையில், வீட்டுக்கு வெந்நீர் தரும் பாய்லர் பக்கத்தில். முன்னறைக் கதவைக் குளிருக்காகச் சாத்தியே வைத்திருந்ததால் அது ஒரு முறைகூடக் கத்தவில்லை.

வாசலில் நின்றபடியே 0800 111 999 எண்ணுக்குப் பேசினேன். பிரிட்டனில் கேஸ் அவசரத்துக்கான எண் இது. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆள் வந்தார். கேஸ் ஃபயருக்குப் போகும் இணைப்பை அடைத்து, பயன்படுத்தக் கூடாது என்று எச்சரிக்கைச் சீட்டைக் கட்டினார். ஆபத்தை நிறுத்துவது மட்டும்தான் அவர் வேலை, பழுது பார்ப்பதற்கு நாம்தான் ஆள் தேட வேண்டும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம் என்று முதலிலேயே சொன்னோம். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, முகமூடி போட்டு ஆக்சிஜன் கொடுத்தார்கள். மறுநாள் தெளிந்துவிட்டார்.

என்னால்தான் அன்று தூங்க முடியவில்லை. ஏனென்றால் அதற்கு இரண்டு மாதம் முன்புதான் பாய்லர் சர்வீஸுக்கு ஒருவர் வந்திருந்தார். "அப்படியே இந்த ஃபயரையும் பார்த்துவிடுங்கள்" என்றேன். ஒரு நிமிடம் எரியவிட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கேஸ் வேலை செய்பவர்களுக்கான பதிவேடான கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் பதிவு பெற்றவர்தான், அவருடைய அடையாள அட்டையில் படத்தையும் நான் பார்த்தேன். அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அதற்கு முன் இருந்த கோர்கி என்ற பதிவேட்டின் இடத்துக்கு 2009 ஏப்ரலில் வந்தது இந்தக் கேஸ் சேஃப் ரெஜிஸ்டர். இதில் பதிவு இல்லாதவர் கேஸ் வேலை செய்வது சட்டப்படி குற்றம். அட்டையின் முன்பக்கத்தில் படம், உரிம எண், காலாவதித் தேதி. பின்பக்கத்தில்தான் அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்று இருக்கும்: பாய்லர், குக்கர், கேஸ் ஃபயர் எல்லாம் தனித்தனி. பாய்லர் தெரிந்தவருக்குக் கேஸ் ஃபயரும் தெரியும் என்று நினைத்தது என் தவறு. உரிம எண்ணை அவர்களுடைய இணையதளத்தில் போட்டுப் பார்த்தபோது, அந்த மனிதரின் பட்டியலில் கேஸ் ஃபயர் இல்லை. புகார் கொடுத்தேன்.

அப்புறம் ஆள் தேடும் படலம். உறவுக்காரர் ஒருவர், "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், பாதி விலைக்குச் செய்வான்" என்றார். உரிம எண் கேட்டேன், பதில் வரவில்லை. அடுத்து வந்தவர் அட்டையைத் தானாகவே நீட்டினார். நான் திருப்பிப் பார்த்து விரல் வைத்துக் கேட்டதும், "கேஸ் ஃபயர் என்னுடைய வேலை இல்லை" என்று நேர்மையாகச் சொல்லிப் போய்விட்டார். அவர் மேல் இன்றும் மதிப்பு உண்டு. மூன்றாவது ஆளுக்குத்தான் எல்லாம் பொருந்தியது.

அவர் செய்ததைப் பார்த்தபோதுதான் முன்பு நடந்தது சோதனையே இல்லை என்று புரிந்தது. மீட்டர் பக்கம் அழுத்தமானியை மாட்டி, குழாயில் கசிவு இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். பிறகு ஃபயரைக் கழற்றி, புகைபோக்கியின் அடியில் புகை வில்லை ஒன்றைக் கொளுத்தினார். மேலே போக வேண்டிய புகை அறைக்குள் திரும்பி வந்தது. ஏதோ பறவை, மேலே கூடு கட்டியிருந்தது. அடைப்பை எடுத்து, மறுபடி புகைவிட்டு, எரியும்போதும் சோதித்து, எழுத்தில் அறிக்கை கொடுத்தார். முன்னறை அலமாரித் தட்டில் இப்போது இரண்டாவது அலாரம் இருக்கிறது.

வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒன்று: உரிமையாளர் 12 மாதத்துக்கு ஒருமுறை சோதனை செய்ய வைத்து, 28 நாளுக்குள் அறிக்கையின் நகலை உங்களிடம் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். சொந்த வீட்டுக்காரரை அப்படிக் கேட்க ஆள் கிடையாது.

எங்கள் அடுத்த சோதனைக்குச் செப்டம்பரில் நாள் குறித்தாகிவிட்டது. அது முடிந்த பிறகுதான் மறுபடி லண்டனுக்கு டிக்கெட் போடுவேன் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.