கூடையில் போட்டுவிட்டுப் போகிறவர்கள்

மதுரைச் சுங்குடிப் புடவைகளை இணையத்தில் விற்கிறேன். புதிதாகக் கடை தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்றுதான். வந்தவர்கள் எந்தப் பக்கத்தில் நின்று திரும்பிப் போகிறார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் விளம்பரத்துக்குப் போங்கள் என்பேன். இணையக் கடையின் கூடையில் போட்ட பொருளை வாங்காமல் விடுவது உலகம் முழுக்கச் சுமார் 70 சதவீதம் என்கிறது டென்மார்க்கின் பேமார்ட் நிறுவனத்தின் தொகுப்பு. பணம் கட்டும் நேரத்தில் முளைக்கும் கூடுதல் செலவு அதற்கு முக்கியமான காரணம். அதனால் என் கடையில் கூரியர் கட்டணம் விலைக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

புடவைக்கு அது மட்டும் போதாது. மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைக்குப் போகிறவர் புடவையை விரிக்கச் சொல்வார், முந்தானையைத் தடவுவார், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நிறம் பார்ப்பார், சாயம் போகுமா என்று கேட்பார். இணையத்தில் இவ்வளவையும் புடவையைக் காட்டும் பக்கமேதான் செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளே எனக்கு வழிகாட்டி. "ரவிக்கைத் துணி சேர்த்தா அக்கா?" என்ற கேள்வி அடிக்கடி வந்ததும், புடவை 5.5 மீட்டர், ரவிக்கைத் துணி தனி என்பதைப் படத்துக்குக் கீழேயே எழுதினேன். முதல் சலவையில் தனியாக அலசுங்கள் என்பதையும் சேர்த்தேன். சாயத்தைப் பற்றி உள்ளதைச் சொன்னால் வாங்குபவர் பின்வாங்குவதில்லை.

துணியில் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்துப் புள்ளி எடுப்பதுதான் சுங்குடி. அப்படிக் கையால் முடிச்சிட்ட சுங்குடிக்கும் அச்சுப் புள்ளிக்கும் விலை வித்தியாசம் பெரிது. முழுப் புடவையின் படத்தில் அது தெரியாது. முடிச்சு அவிழ்ந்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கிப் புடைத்திருக்கும். ஒரு புள்ளி மற்றதைப் போல இருக்காது. அந்த இடத்தை மட்டும் பகல் வெளிச்சத்தில் நெருக்கமாக எடுத்துப் போடுகிறேன். சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005-இல் கிடைத்தது என்று பத்தி பத்தியாக எழுதுவதைவிட இந்த ஒரு படம் அதிகம் விற்றுத் தருகிறது. படத்தின் அளவையும் கவனியுங்கள். கேமராவில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றினால், பஸ்ஸில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அது திறப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும்.

பணம் கட்டும் பக்கத்தில் பல கடைகள் கியூஆர் குறியீட்டைக் காட்டுகின்றன. வாங்குபவர் கடையைப் பார்ப்பதே கைப்பேசியில்தான். அதன் திரையில் இருக்கும் குறியீட்டை அதே கைப்பேசியை நீட்டி எப்படிப் படம் பிடிப்பார்? தொட்டதும் யுபிஐ செயலி நேராகத் திறக்க வேண்டும். கணக்குத் தொடங்கினால்தான் வாங்கலாம் என்ற நிபந்தனையும் வேண்டாம்.

"இன்னும் 10 நிமிடம்தான்" என்று ஓடும் கடிகாரத்தை வைக்கச் சொல்லி இணையதளம் அமைத்துத் தருகிறவர்கள் வற்புறுத்துவார்கள். சலுகை உண்மையிலேயே முடியாதபோது அது பொய். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், ஏமாற்றும் வடிவமைப்புகள் என 13 வகைகளைச் சொல்கின்றன. பொய் அவசரமும், கடைசி நேரத்தில் கட்டணத்தை ஏற்றுவதும் அதில் இருக்கின்றன. ஒரே ஒரு புடவைதான் இருப்பில் இருந்தால் ஒன்று என்று எழுதுகிறேன். மறுபடி நெய்து, முடிச்சிட்டு, சாயம் தோய்த்து வர எத்தனை வாரம் ஆகும் என்பதையும் அங்கேயே சொல்கிறேன். காத்திருக்கிறேன் என்று முன்பணம் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.