நாரி வலி (கீழ்முதுகு வலி) போனதும் மாத்திரையை நிறுத்தலாமா?

எலும்பு மஜ்ஜையில் வந்து நாரி வலி கொடுக்கிற புற்றுநோயான மல்டிபிள் மைலோமாவுக்கு ஸ்டெம் செல் (ரத்தத்தை உண்டாக்கும் மூலச்செல்) மாற்று முடிந்து, ஆள் எழுந்து வயலுக்கும் கடைக்கும் போய்வர ஆரம்பித்ததும் வீட்டில் ஒரு கேள்வி வரும்: "நல்லாத்தானே இருக்காவ, இன்னும் எதுக்கு மாத்திரை?"

அமெரிக்காவில் நடந்த சிஏஎல்ஜிபி 100104 என்ற ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. மாற்று முடித்த 460 பேரில் ஒரு பகுதிக்குத் தினமும் 10 மி.கி. லெனலிடோமைடு (நோய் திரும்புவதைத் தள்ளிப்போடக் கொடுக்கும் மாத்திரை), மறுபகுதிக்கு மருந்தில்லாத மாத்திரை. 2012-ல் வெளியான முடிவின்படி, பாதிப்பேருக்கு நோய் திரும்ப எடுத்த காலம் (இடைநிலை அளவு) மருந்து எடுத்தவர்களுக்கு 46 மாதம், எடுக்காதவர்களுக்கு 27. மூன்றாண்டில் உயிரோடு இருந்தவர்கள் 88 சதவீதம், எதிர்ப்பக்கம் 80. மருந்து எடுத்தவர்களில் 8 சதவீதத்தினருக்கு வேறொரு புற்றுநோய் வந்தது, மற்றவர்களில் 3. டாக்டர் இதையும் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

பலர் மாத்திரையை விடுவதற்கு ஒரு காரணம், மாதக்கணக்கில் நிற்காத வயிற்றுப்போக்கு. பித்த அமிலம் குடலில் சரியாக உறிஞ்சப்படாததால் வருவது இது. எண்ணெய், கொழுப்பைக் குறைத்து, பித்த அமிலத்தைப் பிடித்துவைக்கும் கொலஸ்டைரமின் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். இந்த மாத்திரை எடுக்கும்போது ஒற்றைக் கால் மட்டும் வீங்கினால், ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். அது காத்திருக்கிற விஷயமில்லை.

ரிப்போர்ட் படிப்பதில்தான் குழப்பம் அதிகம். எம் புரதம் (மைலோமா செல்கள் சுரந்து ரத்தத்தில் விடும் புரதம்) 0.2-லிருந்து 0.3 ஆனதும் "பாதிக்குப் பாதி கூடிப்போச்சே" என்று பதற வேண்டாம். மிகக் குறைந்த அளவிலிருந்து 25 சதவீதம் கூட வேண்டும், அந்தக் கூடுதல் டெசிலிட்டருக்குக் குறைந்தது 0.5 கிராமாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து, மறுபரிசோதனையிலும் உறுதியானால்தான் எம் புரதத்தை வைத்து நோய் திரும்பியதாகக் கணக்கு. எம் புரதம் அசையாமல் ஃப்ரீ லைட் செயின் (அதே செல்கள் சுரக்கும் சிறிய புரதத் துண்டு) மட்டும் ஏறுவதும் உண்டு. அதனால் இரண்டையும் பாருங்கள். இந்த மாதம் தென்காசியில், அடுத்த மாதம் திருநெல்வேலி ஜங்ஷனில் என்று லேப் மாற்றாதீர்கள். பரிசோதனை கிட் மாறினால் லைட் செயின் எண்ணும் மாறும், ஒப்பிடவே முடியாது.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற பெண்கள் நாரி வலியைக் குனிந்த வேலையின் மேல் போட்டுவிட்டு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். மைலோமாக்காரருக்கு அது கிட்னியைக் கெடுக்கும், பாராசிட்டமால் போதும். வலியோடு கால் மரத்தாலோ சிறுநீர் அடைத்தாலோ முதுகுத்தண்டு நெருக்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டு, அன்றைக்கே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) அவசரப் பிரிவுக்குப் போய் எம்ஆர்ஐ கேளுங்கள்.