7.5 ஒதுக்கீட்டில் பொறியியலுக்கு வந்தாயிற்று, அடுத்து ஒரு மென்டர் பிடியுங்கள்

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு தமிழ்நாட்டில் 2021இல் பொறியியலுக்கும் வந்தது. அந்த முதல் பேட்சில் சேர்ந்தவன் நான். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு பார்த்துக்கொண்டது. ஆனால் கல்லூரியே போடும் இன்டர்னல் மார்க்கை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள், எந்தப் பேப்பர் ஆளைக் கவிழ்க்கும், துறைத் தலைவரான எச்ஓடியிடம் எதற்குப் போகலாம் என்பதெல்லாம் எந்த அரசாணையிலும் இருக்காது. அண்ணன், அக்கா இன்ஜினியரிங் படித்த வீடுகளில் இதையெல்லாம் சாப்பிடும்போதே பேசிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆளே நான்தான். வீட்டில் கிடைக்காத அந்தப் பேச்சைத்தான் மென்டர்களிடம், அதாவது வழிகாட்டிகளிடம், கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எனக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் எங்கள் கல்லூரியிலேயே சீனியர். என்னைப் போலவே தமிழ் வழி, கிராமம். இன்னொருவர் சென்னையில் ஐடியில் வேலை பார்க்கும் அக்கா. ஒரு அறக்கட்டளை மூலம் அறிமுகமானவர், நகரத்தில் ஆங்கில வழியில் படித்தவர். நம் பின்னணியிலிருந்து வந்தவர்தான் சரியான வழிகாட்டி என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது பாதிதான் உண்மை.

சீனியர் அண்ணனிடம் கூச்சம் இல்லாமல் எதையும் கேட்கலாம். முதல் செமஸ்டரில் மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ் பேப்பரைப் பார்த்து நான் மிரண்டபோது, கேய்லி ஹாமில்டன் கணக்கு ஒன்றை எடுத்து, “மொதல்ல தமிழ்ல வாய்விட்டுச் சொல்லு” என்றார். பிளஸ் டூவில் படித்த அணியும் அணிக்கோவையும்தான் அங்கேயும் வருகிறது என்று தெரிந்ததும் பாதி பயம் போய்விட்டது. சொல்லி முடித்த பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுத வைப்பார். நான்கைந்து வாக்கியங்களைத் திரும்பத் திரும்ப எழுதியதில் பெரிய கேள்விக்குக் கை பழகிவிட்டது.

அவர் சொன்னது எல்லாமே சரி என்றில்லை. இன்டர்னல் 20, செமஸ்டர் 80 என்றார். அது அவருடைய 2017 ரெகுலேஷன், அதாவது அண்ணா பல்கலைக்கழகத்தின் தேர்வு விதிமுறை. எங்களுடையது 2021. சந்தேகம் வந்து இருவரும் ரெகுலேஷன் பிடிஎஃபைத் திறந்து பார்த்தோம்: தியரி பேப்பருக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் 60. மொத்தத்தில் 50 வேண்டும், செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாகக் குறைந்தது 45 சதவீதம் வேண்டும். நோட்டில் போட்டுப் பார்த்தோம். தேர்வில் 100க்கு 45 எடுத்தால் அது 60க்கு 27 ஆகும். அப்போது இன்டர்னலில் 23 இருந்தால்தான் பாஸ். இன்டர்னல் 15 என்றால் தேர்வில் 58, 59 வேண்டும். இன்டர்னல் 40க்கு 40 இருந்தாலும் தேர்வில் 45க்குக் கீழே போனால் அரியர்தான். எனக்கு அன்றைக்குத்தான் கல்லூரி புரிந்தது. நீங்களும் உங்கள் பேட்சுக்கு எந்த ரெகுலேஷன் என்று பாருங்கள், தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவர்கள் விதியைப் பாருங்கள். எல்லாம் தெரிந்த மென்டர் கிடைக்க வேண்டும் என்றில்லை, கூட உட்கார்ந்து தேடுகிறவர் போதும்.

சென்னை அக்காவுக்கு ஆரம்பத்தில் என் நிலைமை பிடிபடவில்லை. “தினமும் இங்கிலீஷ் பேப்பர் படி” என்றார். எட்டு பேர் இருக்கிற விடுதி அறையில் பேப்பர் எங்கே வரும்? நானும் சொல்லவில்லை, சரிக்கா என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து அவரே, “நீ எங்க உக்காந்து படிப்ப? எத்தனை மணிக்கு லைட் அணைப்பாங்க?” என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் சொன்ன யோசனைகளே வேறு மாதிரி இருந்தன. ஃபோனில் பத்து நிமிடம் ஆங்கிலத்திலேயே பேசுவோம், நான் தப்பாகப் பேசினாலும் நடுவில் திருத்த மாட்டார். ரெஸ்யூமே, இன்டர்வியூ, சம்பளப் பேச்சு எல்லாம் அவரிடம் கற்றது. சீனியர் அண்ணனுக்கே அப்போது இதெல்லாம் தெரியாது.

ஒவ்வொருவருக்கும் தேவை வேறு. என் வகுப்புத் தோழி ஒருத்திக்குப் படிப்பில் பிரச்சினையே இல்லை. சென்னையில் இன்டர்ன்ஷிப் கிடைத்தும் வீட்டில் அனுப்ப மறுத்தார்கள். அவளுடைய மென்டர் அவள் அப்பாவிடம் ஃபோனில் பேசினார். பெண் கல்வி பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்த விடுதி, வார்டன் நம்பர் என்ன, சாயங்காலம் எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், ஊருக்கு எந்த பஸ் என்று மட்டும் சொன்னார். அப்பா கடைசியில், “நீங்களும் அங்கதான் இருக்கீங்களாம்மா?” என்று கேட்டாராம். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எங்கே தேடுவது? அகரம் அறக்கட்டளையின் விதைத் திட்டம் 2010 முதல் நடக்கிறது, உதவித்தொகையோடு தன்னார்வலர்களின் வழிகாட்டலும் அதில் உண்டு. அதில் இல்லாதவர்கள் இரண்டு வருடம் மூத்த சீனியர், பள்ளி ஆசிரியர், டிபார்ட்மென்ட் லேப் அசிஸ்டென்ட் என்று யாரையும் கேட்கலாம். பார்க்கும்போதெல்லாம் தன் கஷ்டக் கதையை மட்டும் சொல்லி உசுப்பேற்றுகிறவர் எனக்கு ஒத்துவரவில்லை. கேட்கும்போது நன்றாக இருக்கும், மறுநாள் கணக்கு அப்படியே கிடக்கும். பணம் கொடுக்கல் வாங்கல் வேண்டாம். பேச்சு எல்லை மீறினால் உடனே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்.

“ஹாய் அக்கா, எப்படி இருக்கீங்க” என்று மட்டும் அனுப்பினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். இப்படி அனுப்பிப் பாருங்கள்: “அக்கா, ஃபிசிக்ஸ் இன்டர்னல் டெஸ்டில் 50க்கு 19. லேசர் கேள்விக்குப் படம் மட்டும் போட்டேன், விளக்கம் எழுத வரவில்லை. விடைத்தாளை ஃபோட்டோ எடுத்து அனுப்பட்டுமா?”

இப்போது நானும் முதலாண்டு மாணவர் ஒருவருக்கு மென்டர். அதனால் மென்டர்கள் பக்கத்துக்கும் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் நல்ல பலன் அதிகம் தெரிந்தது. சீக்கிரமே அறுந்துபோன இடங்களில் பிள்ளைகளின் தன்னம்பிக்கை முன்பைவிடக் குறைந்திருந்தது. ஒரு வருடம் கூட இருக்க முடியாது என்று தோன்றினால் ஆரம்பிக்காமலே இருந்துவிடலாம்.

ரிசல்ட் வருகிற அன்றைக்கு மாணவர்கள் வழக்கமாகக் காணாமல் போவார்கள், குறிப்பாக அரியர் விழுந்தால். அன்றைக்குத்தான் முதலில் மென்டரிடம் பேச வேண்டும். விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் குறைவு, நகல் வாங்கிய பிறகுதான் ரீவேல்யூவேஷன். நகல் கைக்கு வந்ததும் பாடம் எடுத்த ஆசிரியரிடம் காட்டி, மார்க் ஏற வாய்ப்பு உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சீனியரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.