வீட்டுல துப்பாக்கி இருக்கான்னு கேட்டா?

போன மாசம் தக்கலை வீட்டுக்கு டேப்லெட்டோட ஒரு பிள்ளை சர்வே எடுக்க வந்துச்சு, நகை எவ்வளவு இருக்குன்னு கேட்டதுக்கு அம்மை கொஞ்சமும் யோசிக்காம "கழுத்துல கெடக்கது மட்டும்தான் மக்களே"ன்னுட்டா, நான் பீரோவ பாத்தேன், அம்மை என்னைய ஒரு மொற மொறச்சா.

அமெரிக்காவுல துப்பாக்கி கணக்கும் இதே கததான். அங்க ஜெனரல் சோஷியல் சர்வேன்னு ஒண்ணு 1973லேந்து வீட்டுல துப்பாக்கி இருக்கான்னு கேட்டுட்டு வருது, அப்போ கிட்டத்தட்ட பாதி வீட்டுல இருக்குன்னாங்க, 2010கள்ல மூணுல ஒரு பங்குதான். ஆனா கேலப்னு ஒரு கருத்துக்கணிப்பு கம்பெனி, அவங்க போன்ல கேட்டா பெரும்பாலும் 40 சதவீதத்த ஒட்டியே நிக்குது. எத நம்ப? நம்மூர்ல லைசென்ஸ் கலெக்டர் ஆபீஸ் வழியாத்தான், ஃபைல் இருக்கும். அங்க சாதாரண துப்பாக்கிகளுக்கு மத்திய அரசு பதிவேடு வைக்கவே 1986 சட்டம் தடை. துப்பாக்கி வாங்க வர்றவங்க பின்னணிய விசாரிக்குற பேக்ரவுண்ட் செக் 1998லேந்து நடக்குது, அந்த எண்ணிக்கைய வச்சும் சொல்ல முடியாது, ஒருத்தரே பத்து வாங்கலாம்லா.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது, கல்யாணமான ஆம்பளைங்க 'இருக்கு'ன்னு சொல்ற அளவுக்கு பொம்பளைங்க சொல்றதில்ல! பொய்யா, தெரியாதா, யாரு கண்டா. ஒரே கேள்விய வருசாவருசம் கேட்டா அளவு தப்பானாலும் போக்கு தெரியும்பாங்க, மறைக்குற ஆளோட பங்கு மாறாம இருந்தாத்தான அது. தங்கம் வெல ஏற ஏற அம்மை இன்னும் கொறச்சுதான் சொல்லுவா.