ஆஸ்கார் சைனா போனா நமக்கென்ன வே?

சைனாவுல குவாங்ஜோ எஃப்சிங்கிற ஃபுட்பால் கிளப்பை இழுத்து மூடியாச்சுன்னு 2025 ஜனவரியில நியூஸ் வந்தப்ப நம்ம பாளையங்கோட்டை ஃபுட்பால் குரூப்புல ஒரே கொண்டாட்டம். "சைனாவுக்குத் துட்டுக்குப் போன பிளேயரனுவளுக்கு நல்லா வேணும்லே"ன்னு ஒருத்தன் ஆரம்பிச்சு விட்டான், அப்புறம் ஆளாளுக்கு கைதட்டுற எமோஜி. யாருக்கு வே நல்லா வேணும்? துட்டுக்குப் போனவன் துட்டை வாங்கிட்டு எப்பவோ வீடு போய் சேந்துட்டான். மூடுனது கிளப்பைலா. எட்டு தடவ சைனீஸ் சூப்பர் லீக் ஜெயிச்சது, 2013-லயும் 2015-லயும் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தூக்குனது, இத்தாலிக்கு வேர்ல்ட் கப் வாங்கிக் குடுத்த லிப்பி கோச்சா உக்காந்திருந்த கிளப்பு, கடைசியில கடனைத் தீக்க முடியாம லைசன்ஸ் கிடைக்காம போச்சு. அழுதது அந்த ஊரு ரசிகன்தான், அவனை எந்த எமோஜியிலயும் காணோம்.

குரூப்புல எழுதுனா சண்டையில முடியும், அதான் இங்க எழுதுதேன்.

மொதல்ல ஆஸ்கார், லண்டன் கிளப்பு செல்சீக்கு ஆடுன பிரேசில்காரன். நான் செல்சீ கட்சி, அதை ஒளிச்சு வைக்கல. 2012 செப்டம்பர், சாம்பியன்ஸ் லீக், இத்தாலி கிளப்பு யுவெண்டஸ் கூட மேட்ச், நம்ம நேரத்துக்கு ராத்திரி பன்னண்டேகாலுக்கு ஆரம்பிச்சது, வீட்டுல எல்லாரும் தூங்கியாச்சு, டிவி சத்தத்தைக் கொறச்சு வச்சு பாத்துட்டிருக்கேன். ஆஸ்கார் பாக்ஸுக்கு வெளிய கோலுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கான், பந்து வருது, பின்னாடி பிர்லோ நெருக்கிட்டு வாரான். மொத டச்சுலயே பந்தைத் தள்ளிவிட்டு சுத்துனான் பாருங்க, பிர்லோ ஒரு பக்கம் இவன் ஒரு பக்கம், அடுத்த டச்சுல காலை வீசி அடிச்சான், பந்து வளைஞ்சு போயி மேல் மூலையில எறங்குது, கோல்கீப்பர் புஃபான் முழு நீளத்துக்குப் பறந்தும் எட்டல. வயசு 21. அதுக்கு மொத வருசம் 20 வயசுக்கு உட்பட்டோர் வேர்ல்ட் கப் ஃபைனல்ல போர்ச்சுகல் மேல மூணு கோல் போட்ட பயலும் இவன்தான். 2014-ல ஜெர்மனிகிட்ட பிரேசில் ஏழு வாங்குன அந்த எழவு மேட்ச்சுல அந்த ஒத்த கோலைப் போட்டதும் இவன்தான், பாவம், அதை யாரு ஞாபகம் வச்சிருக்கா.

இப்படிப்பட்டவன் 25 வயசுல ஷாங்காய் எஸ்ஐபிஜி-ங்கிற சைனா கிளப்புக்குப் போறான்னு 2016 டிசம்பர்ல சொன்னப்ப எனக்கும் வயிறு எரிஞ்சுது. 60 மில்லியன் பவுண்ட் டிரான்ஸ்ஃபர், வாரச் சம்பளம் நாலு லட்சம் பவுண்ட்னு பேப்பர்ல போட்டான். நம்ம ரூவாய்க்கு கணக்கு போட்டுப் பாத்துட்டு கால்குலேட்டரை மூடி வச்சுட்டேன்.

ஆனா அன்னைக்கு நெலமைய யோசிச்சுப் பாருங்க. அந்த செப்டம்பர்ல அர்சனல்கிட்ட மூணு கோல் வாங்குன பெறவு செல்சீ கோச் கான்ட்டே டீமையே மாத்திட்டாரு, பின்னால மூணு பேரு, நடுவுல காண்டேயும் மாட்டிச்சும், முன்னால ஹசார்ட், கோஸ்டா, பெட்ரோ. வரிசையா 13 மேட்ச் ஜெயிச்சு, அந்த வருசம் லீகையும் தூக்கியாச்சு. இதுல ஆஸ்கார் எங்க நிப்பான்? பெஞ்சுலதான். செல்சீயும் கண்ணீரோட ஒண்ணும் அனுப்பி வைக்கல, வாங்குன வெலைக்கு ரெண்டு மடங்குக்கு மேல வருதுன்னு சந்தோசமா கையெழுத்து போட்டு அனுப்புனாங்க. கிளப்பு துட்டுக்கு வித்தா அது நல்ல பிசினஸ், பிளேயர் துட்டுக்குப் போனா துரோகி, இது என்ன நியாயம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல.

இன்னொண்ணு, மூணு வயசுல கார் ஆக்சிடென்ட்ல அப்பாவைப் பறிகொடுத்தவன் அவன். குடும்பத்துக்காகப் போறேம்னு சொன்னா லண்டன் பேப்பர்காரனுக்கு சிரிப்பு வரலாம், திருநவேலிக்காரனுக்கு வரக்கூடாது. நம்மூர்ல தெருவுக்கு நாலு பேரு துபாய்லயும் மஸ்கட்லயும் கெடக்கான், "உன் லட்சியம் என்னாச்சு"ன்னு எவனாவது அவனைக் கேட்டிருக்கோமா, வரும்போது என்ன கொண்டாந்தன்னுதான் கேக்கோம். நாலு லட்சம் பவுண்ட் வாங்குறவனும் துபாய்ல மூட்டை தூக்குறவனும் ஒண்ணான்னு கேப்பீங்க. இல்லதான். செல்சீ சம்பளத்துலயே அவன் குடும்பம் ஏழு தலைமுறைக்கு உக்காந்து சாப்பிட்டிருக்கும், ஒத்துக்கிடுதேன். நான் சொல்லுறது என்னன்னா, இவ்வளவு துட்டு போதும்னு இன்னொருத்தனுக்கு கோடு போடுற வேலை நம்ம வேலை இல்ல.

அந்த துட்டு எங்கருந்து வந்துச்சுங்கிறதுதான் இதுல பெரிய கூத்து. அரசாங்கமே 2050-க்குள்ள சைனாவை ஃபுட்பால் வல்லரசா ஆக்கணும்னு திட்டம் போட்டுச்சு, ஷி ஜின்பிங்குக்கு ஃபுட்பால் பிடிக்கும்னு எல்லாவனுக்கும் தெரியும், ஒடனே வீடு கட்டி விக்குறவன், எலக்ட்ரானிக்ஸ் கடை வச்சிருக்கவன், மருந்து விக்குறவன்னு ஆளாளுக்கு ஒரு கிளப்பை வாங்கிப் போட்டான். குவாங்ஜோ எவர்கிராண்டேங்கிற ரியல் எஸ்டேட் கம்பெனியோடது, ஜியாங்சு கிளப்பு சுனிங்குங்கிற எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரனோடது. 2016 ஜனவரி கடைசியில செல்சீயிலருந்து ராமிரெஸ் ஜியாங்சுக்கு, பிப்ரவரி மொத வாரத்துல ஜாக்சன் மார்ட்டினெஸ் குவாங்ஜோவுக்கு 42 மில்லியன் யூரோ, அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு லிவர்பூல் கேட்டுட்டிருந்த அலெக்ஸ் டெய்ஷெய்ராவை 50 மில்லியனுக்குத் தூக்கிட்டான் ஜியாங்சு. பத்து நாளைக்குள்ள சைனா டிரான்ஸ்ஃபர் ரெக்கார்டு திரும்பத் திரும்ப ஒடையுது. அவங்க சீசன் மார்ச்லதான் ஆரம்பிக்கும், அதனால ஐரோப்பாவுல ஜனவரியோட கதவை மூடுன பெறவும் இவனுவ கடை பிப்ரவரி கடைசி வரை தொறந்திருக்கும், பிளேயரை விட்டுட்டா பதிலுக்கு வேற ஆள் வாங்க முடியாதுன்னு ஐரோப்பாவுல உள்ள மேனேஜர் எல்லாம் வயித்துல நெருப்பைக் கட்டிட்டு உக்காந்திருந்தான்.

2017-ல சைனா ஃபுட்பால் சங்கமே பயந்துட்டு பிரேக் போட்டுச்சு. நஷ்டத்துல ஓடுற கிளப்பு வெளிநாட்டுக்காரனை 45 மில்லியன் யுவானுக்கு மேல வாங்குனா அதே அளவு துட்டை இளைஞர் ஃபுட்பால் ஃபண்டுக்குக் கட்டணும். கூடவே 23 வயசுக்கு கீழ உள்ள உள்ளூர் பய ஒருத்தன் கட்டாயம் மொத பதினொண்ணுல இருக்கணும்னாங்க, அதுக்கு சில கோச்சுங்க என்ன பண்ணாங்க தெரியுமா, ரூலுக்காக அந்தப் பயலை எறக்கி விட்டுட்டு பதினஞ்சு இருவது நிமிசத்துல வெளிய கூப்பிட்டுட்டாங்க. நம்மூர் அதிகாரி எல்லாம் தோத்தாரு போங்க.

சரி, நம்ம கதைக்கு வாரேன். காலேஜ்ல எங்க டீம்ல ஒரு லெஃப்ட் விங்கர் இருந்தான், பேரு வேண்டாம். இடது கால்ல பந்து கிடைச்சா வ.உ.சி மைதானத்துல டீ குடிச்சிட்டிருக்கவன் கூட கிளாஸைக் கீழ வச்சிட்டுப் பாப்பான். இன்டர் காலேஜ் செமி ஃபைனல் அன்னைக்கு ஆளைக் காணோம். அவன் தென்காசி, செங்கோட்டைன்னு பஸ் மாறி மலையாளக் கரைக்கு செவன்ஸ் ஆடப் போயிட்டான். செவன்ஸ் தெரியும்லா, ஏழு பேரு ஆட்டம், அறுத்த வயல்ல மூங்கிலும் பாக்கு மரமும் கட்டி கேலரி போட்டு ராத்திரி லைட்டுல நடக்கும், ஒரு மேட்சுக்கு இவ்வளவுன்னு கையில துட்டு, ஆப்பிரிக்காவுல இருந்தெல்லாம் வந்து ஆடுவான், நாலு பக்கமும் சனம் கத்துற கத்துல காது அடைச்சிரும். நாங்க இங்க செமி ஃபைனல்ல தோத்து, சவத்தப் பயன்னு அவனை ஒரு வாரம் பூரா ஏசித் தீத்தோம்.

திரும்பி வந்தவன் மீன் கடையில வாங்குன ஐஸை பழைய சாரத்துல முடிஞ்சு கணுக்கால்ல வச்சிட்டு திண்ணையில உக்காந்திருக்கான், காலு பலாக்கொட்டை கணக்கா வீங்கிருக்கு. பக்கத்துல பாலிதீன் கவர்ல வேர்வையில நனைஞ்ச நூறு ரூவா நோட்டு. அவங்க அப்பா ஆட்டோவுக்கு டியூ கட்டணும். "கப்பு ஜெயிச்சா ஆளுக்கொரு சர்டிபிகேட்டும் பிரியாணியும், அதை வச்சு டியூ கட்ட முடியுமாலே"ன்னு கேட்டான், எவன் வாயிலயும் பதில் இல்ல. அந்தக் கமிட்டிக்காரங்க அடுத்த சீசனுக்கும் இவனைத்தான் கூப்பிட்டாங்க, ஏன்னா போன எடத்துல உசுரக் குடுத்து ஆடிருக்கான்.

எனக்கு இந்த விசயத்துல உள்ள அளவுகோலு இவ்வளவுதான். போனது தப்பில்ல, போயி என்ன செஞ்சாங்கிறதைத்தான் பாக்கணும்.

பிரேசில்காரன் பாவ்லீனியோவைப் பாருங்க. லண்டன் கிளப்பு டாட்டன்ஹாம்ல ஒண்ணுக்கும் ஆகலன்னு 2015-ல குவாங்ஜோ போனவன். கதை முடிஞ்சுன்னான் எல்லாவனும். 2017 மார்ச்ல சைனா கிளப் பிளேயரா இருந்துக்கிட்டே மாண்டிவிடியோவுல போயி உருகுவே மேல மூணு கோல் அடிச்சான், அந்த ஆகஸ்ட்ல பார்சிலோனா 40 மில்லியன் யூரோ குடுத்து வாங்குச்சு, அடுத்த வருசம் வேர்ல்ட் கப்புலயும் கோல். ரெனாட்டோ அகஸ்டோ பெய்ஜிங் குவோஆன்ல ஆடிட்டிருந்தான், 2018 குவார்ட்டர் ஃபைனல்ல பெல்ஜியம் மேல பிரேசில் போட்ட கோல் அவன் தலையில வந்ததுதான். சைனா போனா ஆட்டம் அவுட்டுன்னு சொல்லுற கோட்டிக்காரனுவகிட்ட இந்த ரெண்டு பேரைச் சொல்லுங்க.

அந்தப் பக்கம் அர்ஜென்டினாக்காரர் டெவெஸ். உலகத்துலயே பெரிய சம்பளம்னு சொல்லி ஷாங்காய் ஷென்ஹுவா கூட்டிட்டு வந்துச்சு. 16 லீக் மேட்ச், நாலு கோல். எடை கூடிருச்சுன்னு கோச்சே வெளிய சொல்லுற நெலம, அடிபட்டு மேட்ச் ஆடாதப்ப டிஸ்னிலேண்ட்ல குடும்பத்தோட நிக்குற போட்டோ, கடைசியில 2018 ஜனவரியில தன் பழைய அர்ஜென்டினா கிளப்பு போகாவுக்குத் திரும்பிப் போயிட்டு அங்க ஏழு மாசம் லீவுலதான் இருந்தேம்னு அவரே வாயால சொன்னாரு. எனக்கு கோவம் வாரது இந்த மாதிரி ஆளுங்க மேலதான். டிக்கெட் எடுத்து வந்தவனை இதை விட யாரும் கேவலப்படுத்த முடியாது.

ஆஸ்கார் அப்படி இல்லலா. ரெண்டு வருசத்துல கழண்டுருவான்னு நெனச்சா எட்டு வருசம் ஒரே கிளப்புல கெடந்தான். 2018, 2023, 2024 மூணு லீக். எவர்கிராண்டே கவுந்தப்ப, வெளிநாட்டுக்காரனுக்கு வருசம் 3 மில்லியன் யூரோதான்னு சம்பள உச்சவரம்பு வந்தப்ப, கொரோனாவுல கிளப்பு கிளப்பா காலியானப்ப, அங்கேயே இருந்தான். ஷாங்காய் போர்ட் (எஸ்ஐபிஜி-யோட புதுப் பேரு) மட்டும் எப்படி தப்பிச்சுன்னு கேட்டா, அது அரசாங்கத் துறைமுகக் கம்பெனியோட கிளப்பு, பிளாட் போட்டு விக்குறவன் கிளப்பு இல்ல. ஆனா அவன் எழந்ததும் உண்டு, இல்லன்னு சொல்ல மாட்டேன். சைனா போன பெறவு பிரேசில் சட்டையில ஒரு மேட்ச் கூட ஆடல. 25-லருந்து 33 வரைக்கும் உள்ள காலு, அதைப் பாக்கணும்னா நான் யூடியூப்ல மங்கலா ஓடுற வீடியோவைத் தேடணும்.

இங்கதான் எனக்கு ஒரு சந்தேகம். லட்சியம் லட்சியம்னு கத்துறோமே, அது அவன் லட்சியமா நம்ம லட்சியமா? ராத்திரி முழிச்சிருந்து பாக்க நமக்கு நல்ல ஆட்டம் வேணும், அதுக்கு நம்ம ஆசையை அவன் காலுல கட்டி விட்டுட்டு அவன் திசை மாறுனா ஏசுறோம். இதுல இன்னொரு வேடிக்கை, 2014-ல நம்ம இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) ஆரம்பிச்சப்ப டெல் பியெரோ டெல்லிக்கு வந்தாரு, பிரேஸ் கோவாவுக்கு, டிரெசெகே புனேக்கு, நம்ம சென்னையின்ல எலானோ எட்டு கோல் அடிச்சு அந்த சீசன் டாப் ஸ்கோரர். இவங்க எல்லாம் இந்திய ஃபுட்பால் மேல உள்ள பாசத்துலயா வந்தாங்க? கைதட்டி விசிலடிச்சு ஜாம்பவான்னு வரவேற்றோம். நம்மகிட்ட வந்தா ஜாம்பவான், சைனாவுக்குப் போனா துட்டுப் பேய்.

உண்மையில வயிறு எரிய வேண்டிய எடம் ஜியாங்சு. 2020 நவம்பர்ல குவாங்ஜோ எவர்கிராண்டேவை ஃபைனல்ல 2-1னு ஜெயிச்சு சாம்பியன், ஒரு கோல் அந்த டெய்ஷெய்ரா போட்டது. நாலு மாசம் ஆகல, 2021 பிப்ரவரி 28, கிளப்பு இயங்காதுன்னு அறிக்கை. சாம்பியன் டீம் அடுத்த சீசன் ஆடவே இல்ல. டியான்ஜின்ல மருந்துக் கம்பெனிக்காரன் நடத்துன கிளப்பு, யுவெண்டஸை விட்டுட்டு விட்செல் போனாம்லா அதே கிளப்பு, அது 2020-லயே காலி. விட்செல் அதுக்கு முன்னாலயே ஜெர்மனி கிளப்பு டார்ட்மண்டுக்குப் போயிட்டான். மாட்டிக்கிட்டது சம்பள பாக்கியோட நின்ன உள்ளூர்ப் பிளேயரு. 2050 வல்லரசுன்னு சொன்ன நாடு 2002-க்கு அப்புறம் வேர்ல்ட் கப் வாசலை மிதிக்கல, 2026-க்கு 48 டீம்னு கதவை அகலமாத் தொறந்து வச்சும் இந்தோனேசியாகிட்ட தோத்து வெளிய போச்சு.

இப்ப சவுதி வந்தாச்சு, அதே பஞ்சாயத்து, ஆனா அங்க பெரிய கிளப்பு நாலுலயும் 2023-ல நாட்டோட முதலீட்டு நிதியே பெரும்பங்கை எடுத்துச்சு, அதனால ரியல் எஸ்டேட் கதை மாதிரி ஒடனே சரியும்னு நான் நெனைக்கல. காப்ரி வெய்கான்னு ஒருத்தன், ஸ்பெயின் கிளப்பு செல்டா வீகோ பய, 21 வயசுல சவுதி கிளப்பு அல் அஹ்லிக்குப் போனான், ஜெர்மனி பிளேயர் டோனி குரூஸ் வரைக்கும் கேவலம்னு எழுதுனாரு. ஆஸ்கார் போனதை விட நாலு வயசு கொறவு. 2025-ல அவன் ஐரோப்பாவுக்கே திரும்பி வந்து போர்ச்சுகல் கிளப்பு போர்ட்டோவுல சேந்துட்டான். குரூப்புல எவனும் இதைப் பத்தி ஒரு வார்த்த பேசல, போனப்ப மட்டும் நானூறு மெசேஜ். நான் அவன் மேட்ச்சு ரெண்டு பாத்துட்டேன், மொத டச்சு இன்னும் அப்படியே சுத்தமா இருக்கு, பின்னாடி ஓடி வந்து பந்தைப் புடுங்குறதுலதான் சோம்பேறித்தனம் தெரியுது, அது சவுதியில பழகுனதா இல்ல மொதல்லயே இருந்ததான்னு பழைய செல்டா மேட்ச்சுங்களை எடுத்துப் பாத்துட்டுத்தான் சொல்லணும்.